ஏறிட்டேன்

போகச் சொன்னது நான்தான். "நீ போண்ணே, கடையில ஆளு காத்துக்கிட்டிருப்பாங்க, நான் பாத்துக்கறேன்" என்று என் வாயால்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் நான் சொல்லி முடித்ததற்கும் அண்ணன் திரும்பியதற்கும் நடுவில் "இருக்கட்டும், வண்டி வந்து உன்னை ஏத்திட்டே போறேன்" என்று சொல்ல இடம் இருந்தது. அந்த இடத்தில் அவன் "சரி" என்றான். சரி என்று சொல்லிவிட்டு, குனிந்து என் நாற்காலியின் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். மடியில் இருந்த பையின் வாரை என் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். தலையில் கை வைக்க வந்த மாதிரி இருந்தது, வைக்கவில்லை, போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. வாசலில் கார் நிற்க மூன்று நிமிஷம்தான், அதற்குமேல் நின்றால் விசில் ஊதிக்கொண்டு ஒருவர் வருகிறார். மூன்று நிமிஷத்தில் டிக்கியைத் திறந்து, மடக்கிய நாற்காலியை எடுத்து விரித்து, கால் வைக்கும் தகடுகளை மாட்டி, என்னை முன்சீட்டிலிருந்து அள்ளி உட்காரவைத்து, பெட்டியையும் பையையும் இறக்க எந்த அண்ணனால் முடியும்? முகப்பில் ஆறு படி. சாய்வுப் பாதை என்று ஒன்று பார்சல் ஆபீஸ் பக்கம் இருக்கிறது, அதன் குறுக்கே பதினோரு மோட்டார் சைக்கிள். எண்ணினேன். எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு, என்னை யாராவது எதற்காகவாவது காக்க வைக்கும்போது நான் எண்ணிக்கொண்டிருப்பேன். அண்ணன் ஒவ்வொரு வண்டியாகப் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி நாற்காலி போக வழி பண்ணினான். கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவன், கைக்கு வலு உண்டு. ஏழாவது வண்டியை நகர்த்தும்போது மணியைப் பார்த்தான். அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

ஒன்று ஐம்பது. வண்டி இரண்டு முப்பத்தைந்துக்கு. கோயம்புத்தூர் வண்டி எப்போதும் ஒன்றாவது பிளாட்பாரம்தான், அண்ணன் நேற்றே வந்து விசாரித்துவிட்டான். மாற்றுத்திறனாளிப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்றுகூட கேட்டு வைத்து, சரியாக அந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். நல்லவன். இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்லவன். பாத்ரூமுக்குள் நான் போய்வர அவனே சிமெண்டு குழைத்துச் சரிவு போட்டவன். சரிவு கொஞ்சம் செங்குத்தாகப் போய்விட்டது, ஈரத்தில் சக்கரம் பின்னால் வழுக்கும், பதினாறு வருஷமாக நான் அதைச் சொன்னதில்லை. அவனும் இந்த மூன்று மாதமாக ஒன்றும் சொல்லவில்லை. யாருமே ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது படிக்கிற அவன் மகள் இன்முகைக்குப் படிக்க இடமில்லை என்று ஒரு மேஜையை என் அறையில் கொண்டுவந்து போட்டார்கள். பரீட்சை முடியும்வரைதான் என்று அண்ணி சொன்னாள். பிறகு ஒரு புத்தக அலமாரி. பிறகு விளக்கு. மேஜையைச் சுற்றி என் நாற்காலி திரும்பாது, நான் பின்னாலேயே வெளியே வரப் பழகிக்கொண்டேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நான்தான் பேப்பரில் பார்த்தேன், நான்தான் எழுதிப் போட்டேன், அவர்கள் போனில் பேசச் சொன்னார்கள், என் குரலைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் வீட்டிலிருந்தே கேஸ் ஏஜென்சிக்குப் போன் எடுத்த குரல். "வேலை கிடைச்சிருச்சு, பெண்கள் விடுதியில தரைத்தளத்துல அறை" என்று சாப்பிடும்போது சொன்னேன். அண்ணியின் கரண்டி ஒரு நொடி நின்றது. அண்ணன் "அவ்வளவு தூரமா?" என்றான். "போகாதே" என்று அவன் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. இல்லை, எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தாலும் போயிருப்பேன், ஆனால் சொல்லியிருந்தால் வேறு மாதிரி போயிருப்பேன். அண்ணி என் சேலைகளை இஸ்திரி போட்டு மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். அவ்வளவு அழகாக அவள் எதையும் அடுக்கி நான் பார்த்ததில்லை. காலையில் வாசலில் நின்று அவள் அழுதாள், இன்முகையும் அழுதாள், பக்கத்து வீட்டு மெர்சியக்கா வந்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் முறையாக நடந்து முடிந்தது. மனுஷன் ஒரு வீட்டைவிட்டு அப்படி ஒரு தடவைதான் போக முடியும்.

ஒலிபெருக்கி இரண்டு தடவை சொல்கிறது, முதல் தடவை நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது தடவை காதில் விழுகிறது. கோயம்புத்தூர் செல்லும் வண்டி இன்று மூன்றாவது நடைமேடைக்கு வரும். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து மூட்டைகளை எடுத்துக்கொண்டு மாடிப்பாலத்தை நோக்கி நடக்கிறார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு அம்மா "இவனுகளுக்கு இதே வேலை" என்று சொல்லிக்கொண்டே புடவையைச் செருகிக்கொண்டு ஏறுகிறார். மூன்றாவது நடைமேடை அதோ இருக்கிறது. நடுவில் இரண்டு தண்டவாளம். எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் சட்டையில் எத்தனை பட்டன் என்றுகூடத் தெரிகிறது. பிரேக்கை எடுத்துவிட்டு பெட்டியைக் கால்தகட்டின் மேல் வைத்து முழங்காலால் அணைத்துக்கொள்ள முடியாமல், என் முழங்கால்கள் எதையும் அணைக்காது, தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட் பளபளவென்று இருக்கிறது, கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்குகூட எரிகிறது, கதவில் ஒரு பூட்டு. விசாரணை அறையில் இருந்த பெண் என்னை எட்டிப் பார்த்து, "சாவி மாணிக்கவாசகம் சார்ட்ட இருக்குங்க. சாப்பிடப் போயிருக்கார்" என்றாள். "எப்ப வருவார்?" "வந்துருவார்." "ரெண்டு முப்பத்தஞ்சு வண்டிக்குப் போகணும்ங்க." "கூட யாரும் வரலையா?" இந்தக் கேள்விக்குப் பதில் என்று நான் ஒன்று வைத்திருப்பேன், எப்போதும் வைத்திருப்பேன், அது இன்றைக்கு வாயில் வரவில்லை. "வந்தாங்க" என்றேன். அவள் போனை எடுத்து யாருக்கோ அடித்தாள், அவர் எடுக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். கெட்ட பெண் இல்லை. இன்றைக்கு யாருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் கோபத்துக்கு ஒரு பிடியே இல்லாமல் இருக்கிறது.

போர்ட்டர் ஒருவர் வந்தார், அறுபது இருக்கும், தோளில் சிவப்புத் துண்டு. நாற்காலியை ஒரு பார்வை, படிகளை ஒரு பார்வை. "தூக்கிரலாம் தாயி. இன்னொரு ஆளு வேணும். கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போனார். போய் ஏழு நிமிஷம் ஆகிறது. தூக்கிரலாம். எத்தனை பேர் இந்தச் சொல்லை எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறார்கள். தூக்குகிறவர்களுக்கு அது ஒரு நிமிஷம், தூக்கப்படுகிறவளுக்கு எந்தக் கை எங்கே படுகிறது, சேலை எங்கே ஏறுகிறது, எவன் மூச்சு கழுத்தில் விழுகிறது, எவன் முதலில் களைப்பான் என்ற கணக்கு. பத்தாவது பரீட்சைக்கு என்னை மாடியில் உட்கார வைத்தார்கள், எண் வரிசைப்படி மாடிதான் வந்தது, மாற்ற முடியாது என்றார்கள். பியூனும் வாட்ச்மேனும் மர நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்து நாள் தூக்கினார்கள், இறக்கினார்கள். கடைசி நாள் அறிவியல். பரீட்சை முடிந்ததும் எல்லாரும் பேனா மையைச் சட்டையில் தெளித்துக்கொண்டு கத்திக்கொண்டு ஓடினார்கள். என்னை இறக்க மறந்துவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை. பியூன் அடுத்தவர் செய்வார் என்று நினைத்திருப்பார், அடுத்தவர் பியூன் செய்வார் என்று நினைத்திருப்பார். பள்ளிக்கூடம் காலியாகும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், முதலில் சைக்கிள் ஸ்டாண்டு, பிறகு தண்ணீர்க் குழாய், பிறகு கேட். கரும்பலகையில் இருபத்தெட்டு விரிசல். கூப்பிடலாமென்றால் வெட்கமாக இருந்தது, கூப்பிட்டு யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நாலரை மணிக்கு அண்ணன் தேடிக்கொண்டு வந்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது. வாசலில் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், நாற்காலிக்குக் கீழே தண்ணீர் மாதிரி ஓடியிருந்ததைப் பார்த்தான். முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்தான். அவன் சட்டை முழுக்க என் ஈரம். வீட்டில் அம்மா கேட்டபோது, "தண்ணி பாட்டில் கொட்டிருச்சு, நான்தான் மூடி சரியா போடல" என்றான். அந்தப் பொய்யை அவன் சொன்ன விதம், சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல். அந்த அண்ணன்தான் இன்றைக்குச் "சரி" என்றான். இரண்டும் ஒரே ஆள். எனக்கு இரண்டையும் ஒரு ஆளுக்குள் வைக்கத் தெரியவில்லை.

போன். அண்ணன். "வண்டி வந்துருச்சா?" "இன்னும் இல்லண்ணே, கரெக்ட் டைம்தான்னு சொல்றாங்க." "ஒண்ணாவதுதானே?" ஒரு நொடி. சொல்லலாம். மூன்றாவதுக்கு மாத்திட்டாங்கண்ணே, லிஃப்ட் பூட்டியிருக்கு, வர்றியா என்று சொன்னால் அவன் வருவான். கடையை அப்படியே போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் வருவான். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வருவான். ஆனால் வண்டிக்குள் ஏற்றிவிட நேரமிருக்காது, அப்புறம் என்ன, கார்க் கதவைத் திறந்து என்னை முன்சீட்டில் வைப்பான், நாங்கள் வீட்டுக்குப் போவோம். அந்தப் பயணத்தை நினைத்துப் பார்க்கிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. தெருவில் திரும்பும்போது மெர்சியக்கா வாசலில் இருப்பார்கள். அண்ணி ஓடிவந்து "நல்லவேளை, நான் காலையிலேயே என்னமோ மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேன்ல" என்பாள், அதைச் சொல்லும்போது அவள் கண் அறைப்பக்கம் போய்வரும். இன்முகை இந்நேரம் கட்டிலில் புத்தகத்தைப் பரப்பி வைத்திருப்பாள். "அய்யோ அத்தை" என்று எல்லாவற்றையும் அள்ளுவாள். அள்ளுகிற அந்த வேகம். ஒரு நாள்தானே, நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்பார்கள், நாளை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் சேரவேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பிறகு அந்த மேஜையைச் சுற்றிப் பின்னாலேயே வெளியே வருகிற வருஷங்கள். "ஆமாண்ணே, ஒண்ணாவதுதான்" என்றேன். "சரி, ஏறிட்டுப் போன் பண்ணு." பின்னால் கடையில் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம்.

வண்டி வருகிறது. வருவது எனக்குச் சக்கரங்களில் தெரிகிறது, தரையின் அதிர்வு இரும்பு வழியாக உள்ளங்கைக்கு வரும். மூன்றாவது நடைமேடையில் வந்து நிற்கிறது, அண்ணன் சொன்ன கணக்கு தப்பவில்லை, மாற்றுத்திறனாளிப் பெட்டி சரியாக நான் முதலில் இருந்த தூணுக்கு நேர் எதிரே. கதவில் சக்கர நாற்காலிப் படம். பாலத்திலிருந்து அவசரமாக இறங்கிவந்த மனிதர் ஒருவர், கையில் டிபன் கேரியர், ஒன்றாவது பிளாட்பாரத்தில் கடையில் தண்ணீர் வாங்க வந்தவர், என்னைப் பார்த்து நின்றார். "நீங்க அந்த வண்டிக்கா?" "ஆமாங்க." "அட, தூக்கிரலாம்மா. யப்பா, இங்க ஒரு கை குடுங்கப்பா." மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். வேண்டாம், போர்ட்டர் வர்றார் என்று சொல்ல வாயெடுத்தேன், பிளாட்பாரத்தின் கோடி காலியாக இருந்தது, "சேர் கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க, கழண்டுக்கும், கீழ இரும்பைப் பிடிங்க" என்றேன். சொன்னேன், நிச்சயமாகச் சொன்னேன். ஆனால் தூக்குகிற அவசரத்தில் யார் கேட்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று படி. நாலாவது படியில் வலதுபக்கக் கைப்பிடி கழன்று டிபன் கேரியர்க்காரர் கையோடு வந்துவிட்டது, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நான் யாருடைய சட்டைக் காலரையோ பிடித்துக்கொண்டேன். விழவில்லை. கீழே இறக்கிவைத்தார்கள், எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தான் எதையோ உடைத்துவிட்டதாக நினைத்துவிட்டார் பாவம். "உடையலைங்க, அது கழட்டி மாட்டுறதுதான்." இன்னொரு தடவை தூக்கலாம் என்று அவர் குனிந்தபோது ஹாரன் அடித்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் வண்டியைப் பார்த்தார்கள். அது அவர்களுடைய வண்டியும்தான். அவர்களுடைய பெட்டி, அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளை அதில் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் யாரும் நகரவில்லை, யார் முதலில் நகர்வது என்று நின்றார்கள். "ஓடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். ஓடினார்கள். முப்பத்தெட்டுப் படி, இரண்டிரண்டாகத் தாவினார்கள். டிபன் கேரியர்க்காரர் பாலத்தின் மேலிருந்து ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். அவர் நிச்சயமாகத் திரும்பிப் பார்த்தார்.

வண்டி நகர்கிறது. அப்போதுதான் போன் அடிக்கிறது. "ஏறிட்டியா?" ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போகின்றன, ஒரு குழந்தை, ஒரு செய்தித்தாள், கம்பியைப் பிடித்த ஒரு கை. "ஏறிட்டேன்" என்றேன். ஹாரன் இன்னொரு தடவை அடித்து என் சொல்லுக்குச் சாட்சி சொன்னது. "இடம் இருந்துச்சா?" "காலியாத்தான் கிடக்கு. ஒரு அம்மா மட்டும் இருக்காங்க, பேத்தியைப் பாக்கப் போறாங்களாம்." அந்த அம்மா எங்கிருந்து வந்தாள்? போன் பேசிப் பேசி என் குரல் எதையும் தடுமாறாமல் சொல்லும். மூன்றாவது மாதமாகச் சிலிண்டர் வராதவரிடம்கூட, "உங்க வண்டி கிளம்பிருச்சு சார், இந்த ஏரியாவுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன், அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். போனில் நான் எங்கே இருக்கிறேன், உட்கார்ந்தா நின்றா என்று யாருக்கும் தெரியாது. போனில் நான் நடந்துகொண்டே பேசுவேன். "சேரை எங்க வச்ச?" "மடக்கி ஓரமா வச்சிருக்கு. அந்தப் போர்ட்டரே வச்சுட்டாரு." "சரி. சரி சுகந்தி." அவன் குரலில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது, மூட்டையைத் தோளிலிருந்து இறக்குகிறவன் விடுகிற மூச்சு மாதிரி. அது நிம்மதி. தங்கை பத்திரமாக ஏறிவிட்டாள் என்ற நிம்மதியா, தங்கை போய்விட்டாள் என்ற நிம்மதியா என்று குரலை வைத்துப் பிழைக்கிற எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசிப் பெட்டியும் போய்விட்டது. மூன்றாவது நடைமேடையில் பெஞ்சு, தண்ணீர்க் குழாய், வெயில்.

மாணிக்கவாசகம் சார் வந்தார். நல்ல மனிதர், சாப்பிட்ட கையை இன்னும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார், சாவிக்கொத்து இடுப்பில். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா திறந்து வச்சிருப்பேனேம்மா." சொல்லியிருந்தால். நான் முன்னாடியே யாரிடம் சொல்லியிருக்க வேண்டும், எப்போது, பிளாட்பாரம் மாறப்போகிறது என்று எனக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கலாம். அவருக்கு வயிறு நிறைந்த நேரம், வெட்கப்படவும் செய்கிறார். "அடுத்த வண்டி எதுங்க?" "நாலரைக்கு ஈரோடு பாசஞ்சர். அது எப்பவும் இதே பிளாட்பாரம். ஈரோட்டுல மாறிக்கணும். கோயம்புத்தூர் போக ஒம்பதரை ஆயிரும்." ஈரோடு. அங்கே எத்தனை நடைமேடை, லிஃப்ட் எந்தப் பக்கம், சாவி எந்த மனிதரின் இடுப்பில். ஒன்றைத் தாண்ட முடியாதவள் இரண்டைத் தாண்டப் போகிறேன். அவர் போய்விட்டார், கைப்பிடியை நான் மாட்டிக்கொண்டிருந்தேன், குழாயும் துளையும் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை, மறுபடியும் போன். அண்ணன். "சொல்ல மறந்துட்டேன் பாரு. பையில சைடு ஜிப்புல கொய்யாப்பழம் வச்சிருக்கேன், நறுக்கி உப்பு மிளகாப்பொடி போட்டுத்தான் வச்சிருக்கு. இப்ப எங்க போய்ட்டிருக்கு வண்டி?" "ஆத்துப்பாலம் தாண்டியாச்சுண்ணே." "தண்ணி போகுதா?" "கொஞ்சமா போகுது." அப்போது தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி, எங்கள் ஊர்ப் பெயரை, எங்கள் ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்லி, ஈரோடு செல்லும் பயணிகள் வண்டி ஒன்றாவது நடைமேடையிலிருந்து என்று, தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. நான் போனைச் சேலைத் தலைப்பில் பொத்தினேன். பொத்துவதற்குள் தமிழ் முடிந்திருந்தது. மறுபடி காதில் வைத்தபோது அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மோட்டார் சத்தம்கூட இல்லை. நிறுத்திவிட்டிருக்கிறான். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. "எங்கண்ணே இருக்க, கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றான். பிறகு, "டீ கீ வந்தா வாங்கிக் குடி. வெறும் வயித்தோட இருக்காத" என்றான். "சரிண்ணே." "போய்ச் சேந்ததும் பேசு." "சரிண்ணே." "வச்சிரட்டுமா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அண்ணன் போனை வைக்க என்னிடம் அனுமதி கேட்டதில்லை. "வச்சிருண்ணே" என்றேன்.

கேட்டிருக்கிறான். கேட்காமல் இருக்க முடியாது. இல்லை, கடைக்கு வெளியே லாரி ஏதாவது போயிருக்கும். ஆனால் ஆறு எண்ணும்வரை மௌனம், மோட்டாரை வேறு நிறுத்திவிட்டான். லைன் விட்டுவிட்டு வந்திருக்கும். "கேக்குது" என்றானே. கேட்டது என்றால் எது கேட்டது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்து, அவள் விருப்பப்படி போகட்டும், அவள் மானத்தில் கை வைக்க வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அம்மாவிடம் முகத்தைத் திருப்பாமல் பொய் சொன்னவன்தானே. அல்லது, இப்போது போய்க் கூட்டிவந்தால் இன்னொரு காலை, இன்னொரு தடவை வாசலில் அழுகை, இன்னொரு தடவை பதினோரு மோட்டார் சைக்கிள் என்று ஆறு எண்ணிக்கைக்குள் நினைத்துப் பார்த்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். நானும் அந்த ஆறு எண்ணிக்கைக்குள் "நீ ஸ்டேஷன்லதானே இருக்க?" என்று அவன் கேட்டுவிடக் கூடாது என்றும், கேட்டுவிட வேண்டும் என்றும் இரண்டையும் சேர்த்தேதான் வேண்டிக்கொண்டேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அழுதிருந்தால் வந்திருப்பான். வந்திருந்தால் அவனோடு வீட்டுக்குப் போயிருப்பேன். அவன் கேட்கவில்லை. மாணிக்கவாசகம் சாரின் லிஃப்ட் இப்போது திறந்து கிடக்கிறது, யாருமில்லாமல் மேலே போய்க் கீழே வருகிறது, அவர் சரிபார்க்கிறார் போல. என் மணிக்கட்டில் பையின் வார் இறுக்கிச் சிவந்திருந்தது. அவிழ்த்துவிட்டேன். கைப்பிடி ஒருவழியாக டக்கென்று உட்கார்ந்தது.

விடுதிக்குச் சொல்ல வேண்டும், ஏழு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தேன். வார்டன் பெயர் ஹெலன், போனில் இரண்டு தடவை பேசியிருக்கிறேன், முகம் தெரியாது. "மேடம், நான் சுகந்தி பேசறேன். வண்டியைத் தவற விட்டுட்டேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "ஐயோ, ஏம்மா?" "மூணாவது பிளாட்பாரத்துக்கு மாத்திட்டாங்க. லிஃப்ட் பூட்டியிருந்துச்சு. மூணு பேர் தூக்கிப் பாத்தாங்க, முடியல. இப்ப ஸ்டேஷன்லதான் இருக்கேன். நாலரை வண்டியில ஏறி ஈரோட்டுல மாறி வர்றேன், பத்தாகும்." உள்ளதை உள்ளபடி, ஒரு வரிகூடப் பூசாமல், முகம் தெரியாத ஒருத்தியிடம். "கூட யாரு வர்றாங்க?" "யாரும் இல்ல மேடம், நான் தனியாத்தான் வர்றேன்." "பரவால்லம்மா, எத்தனை மணியானாலும் வாங்க, வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைக்கிறேன். ஈரோட்டுல உதவி எண் ஒண்ணு இருக்கு, அனுப்பறேன், முன்னாடியே பேசிருங்க." "அனுப்புங்க மேடம், நான் இப்பவே பேசறேன்." வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். "அப்புறம்மா, நான் உங்ககிட்ட சொன்னேனான்னு தெரியல. தரைத்தளம்தான், ஆனா வாசல்ல ஒரு படி இருக்கு. ஒரே ஒரு படிதான்." எல்லாருக்கும் அது ஒரே ஒரு படிதான். பரவால்ல மேடம், நான் பாத்துக்கறேன் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது, இன்றைக்கு எத்தனை தடவை அதைச் சொல்லிவிட்டேன். "எத்தனை இன்ச் உயரம் மேடம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் அளந்து பாக்கலையேம்மா." "கொஞ்சம் அளந்து சொல்லுங்க. ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் பலகை வேணும், குறைஞ்சா வழுக்கிரும். வாட்ச்மேனை விட்டு நான் வர்றதுக்குள்ள ஒரு பலகை போட்டு வைக்கச் சொல்லுங்க." "இப்பவேவா?" "இப்பவே மேடம். நான் லைன்லயே இருக்கேன்." நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது, ஒரு மேஜை டிராயர் திறந்தது, ஸ்கேல் எங்கே வச்சேன் என்று அந்த அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது, பிறகு செருப்புச் சத்தம் ஒரு நீளமான தாழ்வாரத்தில் வாசலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.